டேனர் தெருக் கதவு

மைதான வீடு, ஹேசல்பரோ
26 செப்டம்பர் 1954

அன்புள்ள ரெஜ் அண்ணனுக்கு,

மேவிஸ் எழுதுகிறேன். அப்பாவின் இடது முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லாரும் நலம். அங்கே நீ, டோரீன் அண்ணி, குட்டிப் பயல் மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? அடிலெய்டில் ஈத்தொல்லை குறைந்ததா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

கிரிக்கெட் சீசன் முடிந்துவிட்டது. நம் கவுண்டி அணி கடைசிக்கு ஒரு படி மேலே. அந்தப் பெருமையோடு கிளப் ஒரு புத்தகம் போட்டிருக்கிறது: மைதானத்தின் வரலாறு. எழுதியவர் செயலாளர் மேஜர் பெல்லாமி. அப்பாவுக்கு ஒரு பிரதி இலவசம். இருபத்தாறு வருடமாக அந்தப் புல்லை வளர்த்து, வெட்டி, அதன்மேல் உருளை ஓட்டுகிறவருக்கு அதுவாவது கிடைத்ததே.

ஒரே மூச்சில் படித்தேன். வயிறு எரிந்தது. பிரபு கிளப்புக்குத் தானமாகக் கொடுத்தது ‘வெற்றுப் புல்வெளி’யாம். நம் தெருவின் பாட்டன் முப்பாட்டன்கள் அங்கே தோல் காயப்போட்டதும், அவர்களை விரட்டிவிட்டுச் சுவர் எழுப்பியதும் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஜனங்கள் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிற கிழக்கு மேடு 1921இல் ‘எழும்பியது’ என்று எழுதியிருக்கிறார். மேடு என்ன மாவா, தானாக எழும்ப? வேலையில்லாமல் கிடந்த டேனர் தெரு ஆண்கள் ஷூ தொழிற்சாலைச் சாம்பலைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கொட்டிய மேடு அது. நெல்லி டாரியின் புருஷன் முதுகை முறித்துக்கொண்டது அதில்தான். அப்பா ஒன்பது சீசன் கவுண்டிக்குப் பந்து வீசியவர். புத்தகத்தில் நம் குடும்பப் பெயர் மட்டும், வெறும் ‘டெபட்’. மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத, சம்பளமில்லாமல் ஆடும் கனவான்களுக்கெல்லாம் ‘மிஸ்டர்’.

இது பழைய எரிச்சல். புதியதைச் சொல்கிறேன். புத்தகத்தின் நடுவில் மைதானத்தின் வரைபடம் இருக்கிறது. அதில் மைதானத்துக்குக் குறுக்கே போகும் நம் பாதை இல்லை. அச்சுக்காரன் விட்டிருப்பான் என்றார் அப்பா. அடுத்த திங்களன்று டேனர் தெருக் கதவில் சங்கிலி தொங்கியது. அந்த மூலையில் உறுப்பினர்கள் கார் நிறுத்த வேண்டுமாம். தொழிற்சாலைக்கும் பேக்கரிக்கும் மைதானத்தின் குறுக்கே நடந்து பழகிய தெரு முழுக்க இப்போது ரயில் பாலத்தைச் சுற்றிப் போகிறது.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. பொதுப் பாதைகளையெல்லாம் வரைபடத்தில் ஏற்றச் சொல்லிப் புதிய சட்டம் வந்திருக்கிறதல்லவா? கவுண்டி சபை நம் பாதையையும் ஏற்றியிருக்கிறது. கிளப் ஆட்சேபம் கொடுத்திருக்கிறது. பிப்ரவரியில் விசாரணை. தெருவுக்காகப் பேசுகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். வாய் நீளம் என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் பதவி. உனக்கு நினைவிருப்பதையெல்லாம் எழுது.

அண்ணிக்கு என் அன்பு.
மேவிஸ்


அடிலெய்டு
17 அக்டோபர் 1954

அன்புத் தங்கை மேவிஸுக்கு,

நாங்கள் மூவரும் சௌக்கியம். பயலுக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது; அந்த இரண்டையும் என் விரலில்தான் பரிசோதிக்கிறான். ஈக்கள் குறையவில்லை என்று அம்மாவிடம் சொல். அப்பாவின் முழங்காலுக்கு டோரீன் ஒரு தைலம் அனுப்புகிறாள்.

டிராம் பணிமனையில் வேலை நன்றாகப் போகிறது. சனிக்கிழமைகளில் இங்கே ஒரு சின்னக் கிளப்புக்கு ஆடுகிறேன், மட்டை மட்டும்; பந்து வீசுவதை விட்டாயிற்று. எங்கள் கேப்டன் குழாய் ரிப்பேர் செய்கிறவர். எல்லாரும் ஒரே அறையில் உடை மாற்றுகிறோம், ஒரே கதவால் களத்துக்கு வருகிறோம். முதல் நாள் சம்பளக்காரர்களுக்கான தனிக் கதவைத் தேடி நின்றேன். பைத்தியமா என்று கேட்டார்கள்.

பாதையைப் பற்றிக் கேட்டாயே, எனக்கு உடனே கிறிஸ்துமஸ்தான் ஞாபகம் வருகிறது. டேனர் தெரு அடுப்புகளில் ஒரு முயல் நுழைந்தால் அதன் காதுகள் வெளியே நிற்கும். அதனால்தானே தெருவே காலையில் இறைச்சித் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு, மைதானத்தின் குறுக்கே பேக்கரி அடுப்புக்கு ஊர்வலம் போகும்? வேகிற வரைக்கும் குளிரில் என்ன செய்வது? மேட்டோரத்தில் அப்பா உருளை ஓட்டிச் சமன்செய்து வைத்த துண்டு நிலத்தில் ஆட்டம். கல்யாணமானவர்கள் ஒரு பக்கம், ஆகாதவர்கள் ஒரு பக்கம். ஆண் பெண் கணக்கில்லை. அம்மா ஓவர்கோட்டோடு மட்டை பிடித்து என் பந்தைச் சுவருக்கு வெளியே அடித்தது மறக்குமா? பேக்கரிக்காரர் மணி அடித்தால் இன்னிங்ஸ் முடிந்தது. நடுவில் யார் எத்தனை அடித்திருந்தாலும் தட்டை எடுக்க ஓட வேண்டும்.

இதையெல்லாம் சொல். ஆனால் அப்பாவின் பெயர் எதிலும் வராமல் பார்த்துக்கொள்.

நான் ஏன் கவுண்டியை விட்டு வந்தேன் என்று அம்மா இன்னும் கேட்கிறாளா? வெயிலுக்காகத்தான் என்று சொல்.

உன் அண்ணன்
ரெஜ்


மைதான வீடு
2 நவம்பர் 1954

அன்புள்ள அண்ணா,

உங்கள் நலம் அறிந்து மகிழ்ச்சி. தைலம் வந்தது. அப்பா தடவிக்கொண்டார், பூனை வீட்டைவிட்டுப் போய்விட்டது. மற்றபடி எல்லாரும் சுகம்.

உட்கார்ந்து படி. கிளப்பின் வாதம் என்னவென்று தெரிந்துவிட்டது. வருடத்தில் ஒரு நாள் கதவைப் பூட்டியிருந்தால், அது மக்கள் உரிமையோடு நடந்த பாதை ஆகாதாம். நிலத்துக்காரர் தயவில் நடந்ததாம். கிளப் ஒவ்வொரு வருடமும் ஒரு நாள் பூட்டும்படி உத்தரவு போட்டிருந்ததாம். எந்த நாள் என்று நினைக்கிறாய்?

கிறிஸ்துமஸ்.

யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று, ஒருவரும் நடக்காத நாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்களாம்! தொழிற்சாலையில் இதைச் சொன்னதும் எங்கள் தையல் அறையில் எந்திரங்கள் நின்றுவிட்டன. நெல்லி டாரி சிரித்துச் சிரித்து ஒரு ஜோடி ஷூவுக்கு இரண்டு இடது கால் தைத்தாள். “அவங்க வீட்டுல சமையல்காரி இருக்கா, பெரிய அடுப்பு இருக்கு. கிறிஸ்துமஸ் அன்னைக்கு நாயைக் கூட்டிட்டுக்கூட வெளியே வர மாட்டாங்க. ஊரே அப்படித்தான்னு நினைச்சிட்டாங்கடி” என்றாள். சரியாகச் சொன்னாள். நம்மைக் கெடுக்க நினைத்துக்கூட அவர்கள் அந்த நாளைத் தேர்ந்தெடுக்கவில்லை. நம் வீட்டு அடுப்பு எவ்வளவு பெரியது என்று தெரியாத அறியாமை, அவ்வளவுதான். அதுதான் எனக்கு அதிகக் கோபம்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பூட்டும் உத்தரவு யாருக்குப் போயிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒவ்வொரு டிசம்பரும் மேஜர் அவரிடம் சொல்வாராம். இவரும் சரி சார் என்பாராம். பூட்டினாரா இல்லையா என்று பார்க்க எந்தக் கனவானும் வான்கோழி விருந்தை விட்டு எழுந்து வந்ததில்லை.

இப்போது கிளப் தன் சாட்சியாகக் கூப்பிட்டிருப்பது அப்பாவைத்தான். பூட்டினேன் என்று அவர் சொன்னால் பாதை போயிற்று. பூட்டவில்லை என்றால் வேலை போயிற்று. வேலையோடு இந்த வீடும். வீடு கிளப்பினுடையது என்பதை மேஜர் நேற்று வாசலில் நின்று, ஜன்னல் சட்டத்துக்கு வர்ணம் அடிக்க வேண்டும் போலிருக்கிறதே என்ற பாணியில் நினைவூட்டிவிட்டுப் போனார்.

அம்மா மேஜருக்கு டீ கொடுத்தாள். சர்க்கரை போடவில்லை.

உண்மையைச் சொல்லச் சொல்லி அப்பாவிடம் நீயும் எழுது. நீ சொன்னால் கேட்பார்.

அன்புடன்
மேவிஸ்


அடிலெய்டு
21 நவம்பர் 1954

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

நான் அப்படி எழுத மாட்டேன். நீயும் அவரை வற்புறுத்தாதே. அவருக்கு அறுபத்தொன்று. இந்த வயதில் வீட்டை இழந்து எங்கே போவார்? பாலத்தைச் சுற்றி நடப்பதால் யாரும் செத்துவிடப் போவதில்லை. கிளப்பை உனக்குத் தெரியாது, மேவிஸ். எனக்குத் தெரியும்.

இங்கே வெயில் ஏறிவிட்டது. வேறு செய்தி இல்லை.

ரெஜ்


மைதான வீடு
28 டிசம்பர் 1954

அன்புள்ள அண்ணா,

புது வருட வாழ்த்து. இங்கே எல்லாரும் உயிரோடும் சளியோடும் இருக்கிறோம். பயலின் படம் வந்தது. அம்மா அதை மேஜரின் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். அந்தப் புத்தகத்தில் பார்க்கத் தகுந்த பக்கம் இப்போது அது ஒன்றுதான்.

உன் கடிதம் எனக்குப் பிடிக்கவில்லை. பதில் போடாமலிருக்கத்தான் நினைத்தேன். ஆனால் இந்தக் கிறிஸ்துமஸைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மேஜர் இந்த முறை தானே வந்து நின்றார். மஃப்ளர் சுற்றிக்கொண்டு, கதவின் சங்கிலியை இழுத்துப் பார்த்துக்கொண்டு. தெரு முழுவதும் தட்டுகளோடு கதவு வரை வந்தது. அவருக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொன்னார்கள், திரும்பினார்கள், பாலத்தைச் சுற்றி நடந்தார்கள். அவர் ஒவ்வொரு தட்டையும் பார்த்துக்கொண்டே நின்றார். அத்தனை இறைச்சித் தட்டுகள் எங்கே போகின்றன என்று அவருக்குப் புரியவில்லை. நெல்லியிடம் கேட்டார். “வீட்டுலயே அடைஞ்சு கிடக்குதேன்னு இதையும் கொஞ்சம் காத்து வாங்கக் கூட்டிட்டுப் போறோம் மேஜர்” என்றாள், தன் பன்றித் தொடையைத் தட்டிக்காட்டி.

ஆட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை. தெருவிலேயே ஆடினோம். விளக்குக் கம்பம் ஒரு விக்கெட், பால்காரர் வண்டிச் சக்கரம் இன்னொன்று. அம்மா இருபத்தெட்டு அடித்தாள். இரண்டு ஜன்னல் போனது, ஒன்று மதபோதகருடையது. மூன்றாவது போவதற்குள் பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து பேக்கரி மணிச் சத்தம் வந்தது. பாதிப் பேருக்குக் கேட்கவேயில்லை. இறைச்சிச் சாறு ஆறி உறைந்துபோய் வீடு வந்து சேர்ந்தது. அப்படியும் கிறிஸ்துமஸ் பாட்டு நின்றதா என்றால் இல்லை.

அப்பா வரவில்லை. மைதானத்தில், மேட்டோரத்தில் அந்தத் துண்டு நிலத்தில் உருளை ஓட்டிக்கொண்டிருந்தார். யாரும் ஆடப் போவதில்லை என்று தெரிந்தே. நான் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். விசாரணையில் என்ன சொல்லப் போகிறாய் என்று கேட்டேன். “வீட்டுக்குப் போ, மேவிஸ், சளி பிடிக்கும்” என்றார்.

கிளப்பை எனக்குத் தெரியும் என்று எழுதியிருந்தாய். என்ன தெரியும்? நேராகச் சொல். வெயிலுக்காகப் போனாய் என்பதை நான் ஒருநாளும் நம்பியதில்லை. உனக்குப் பத்து நிமிட வெயிலில் மூக்கு உரியும்.

மேவிஸ்


அடிலெய்டு
16 ஜனவரி 1955

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். பயல் நிற்கப் பழகுகிறான். அம்மாவின் இருபத்தெட்டுக்கு என் வாழ்த்து.

இந்தக் கடிதத்தை எழுத ஆரம்பித்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். கேட்டாய், சொல்கிறேன். அப்பாவிடம் சொல்லாதே.

1950இல் எனக்கு இருபத்திரண்டு வயது. கவுண்டி அணியில் என் மூன்றாவது மாதம். மறுமுனையில் நம் கேப்டன் மிஸ்டர் கார்ஸ்வெல். பந்தை நேராகக் களத்தடுப்பாளர் கைக்கு அடித்துவிட்டு ஓடு என்று கத்தினார். சம்பளத்துக்கு ஆடுகிறவன் அந்தச் சமயத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். ஓடி, தன் விக்கெட்டைக் கொடுத்துவிட்டு, மன்னியுங்கள் சார் என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். நான் அசையவில்லை. கிரீஸுக்குள் நின்றேன். அவர் பாதி வழியில் அவுட்டாகி நின்று என்னைப் பார்த்தார். மேட்டிலிருந்து நம் ஜனங்கள் கைதட்டினார்கள். அதுதான் வினை.

சாயங்காலம் மேஜர் கூப்பிட்டார். கத்தவில்லை. சிகரெட்கூட நீட்டினார். “உன் ஒப்பந்தம் செப்டம்பரோட முடியுது, டெபட். உனக்கு வருத்தமா இருக்கும். யார்கிட்டயாவது சொல்லணும்னு தோணும். உங்கப்பா இருக்கிற வீடு நல்ல வீடு. நீ அமைதியா போனா அது நல்லாவே இருக்கும்” என்றார்.

அமைதியாகப் போனேன். பக்கத்துக் கவுண்டி கூப்பிட்டது. மறுத்தேன், அங்கே ஆடினால் பேச்சு வரும், யாராவது காரணம் கேட்பார்கள். கப்பல் டிக்கெட் மலிவாக இருந்தது. உலகத்தின் மறுபக்கத்தில் காரணம் கேட்க யாரும் இல்லை.

எனக்கு இங்கே குறை ஒன்றுமில்லை. டோரீன் கிடைத்தாள், பயல் கிடைத்தான். ஆனால் நான் அந்த வீட்டுக்குக் கொடுத்த விலை அது, மேவிஸ். இப்போது நீ ஒரு குறுக்குப் பாதைக்காக அதே வீட்டை எடுத்து வீசச் சொல்கிறாய். என்னால் எப்படிச் சரி என்று எழுத முடியும்?

ரெஜ்


மைதான வீடு
30 ஜனவரி 1955

அண்ணா,

நலமா என்று கேட்கிற நிலையில் நான் இல்லை. நீ நலமாகத்தான் இருக்க வேண்டும்.

சொல்லாதே என்று எழுதியிருந்தாய். சொல்லிவிட்டேன்.

சாப்பாட்டு மேசையில், உருளைக்கிழங்கு பரிமாறிக்கொண்டே சொன்னேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அப்பா சாப்பிட்டு முடித்தார். தட்டைக் கழுவினார். பிறகு வீட்டைச் சுற்றி நடந்தார்: மாடி, கீழ், நிலக்கரி அறை. ஒவ்வொரு சுவரையும் முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“நான் ஏதோ என் உழைப்புக்குத் தந்த வீடுன்னு இல்ல நினைச்சிட்டிருந்தேன்” என்றார்.

அவ்வளவுதான். நீ என்மேல் கோபப்படலாம். எவ்வளவு நாள் வேண்டுமானாலும்.

மேவிஸ்


மைதான வீடு
20 பிப்ரவரி 1955

அன்புள்ள அண்ணா,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கோபம் தீரவில்லை என்று புரிகிறது. இருந்தாலும் இதைப் படி. பயலை மடியில் வைத்துக்கொண்டு படி, அவனும் கேட்கட்டும். இங்கே எல்லாரும் நலம். சொல்லப்போனால் இத்தனை நலமாக நாங்கள் இருந்ததே இல்லை.

புதன்கிழமை நகர மண்டபத்தில் விசாரணை. லண்டனிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். ஒல்லி, மூக்கடைப்பு, இருமல் மாத்திரையை ஒதுக்கிக்கொண்டே பேசினார். எங்கள் தையல் அறையில் பாதிப்பேர் அன்று ‘வயிற்றுவலி’. மேலாளர் வாசலில் எங்களைப் பார்த்துவிட்டுத் தொப்பியை இறக்கிக்கொண்டு போனார். அவர் அம்மா டேனர் தெருக்காரி.

முதலில் நான் பேசினேன். நாலு பேர் தூங்கினார்கள். பிறகு கிளப்பின் வக்கீல் அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா கல்யாணக் கோட்டில் வந்திருந்தார்.

கிறிஸ்துமஸ் அன்று கதவைப் பூட்டும்படி உத்தரவு இருந்ததா என்று வக்கீல் கேட்டார். இருந்தது சார் என்றார். ஒவ்வொரு வருடமும் பூட்டினீர்களா?

“பூட்டினேன் சார். ஒரு வருஷம்கூட விட்டதில்ல.”

நெல்லி என் கையைப் பிடித்து நசுக்கினாள். மேஜர் காலை நீட்டி உட்கார்ந்தார். வக்கீல் நன்றி சொல்லிவிட்டு உட்காரப் போனார்.

அதிகாரி மாத்திரையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். எத்தனை மணிக்குப் பூட்டினீர்கள் என்று சும்மா, பேச்சுக்குக் கேட்பதுபோலக் கேட்டார்.

“இருட்டினப்புறம் சார். எல்லாரும் வீட்டுக்குப் போகணும்ல.”

“எல்லாரும்னா யாரு?”

“ரெண்டு டீமும் சார். வேடிக்கை பார்க்கிறவங்க. அதுக்கு முன்னாடி தட்டு தூக்கிட்டுப் போறவங்க, வர்றவங்க. வருஷத்துலயே அந்தப் பாதையில கூட்டம் ஜாஸ்தி அன்னைக்குத்தான். எங்க தெரு அடுப்பு சின்னது சார்.”

சிரிப்பு மண்டபத்தின் பின்னாலிருந்து ஆரம்பித்து முன்னால் வந்தது. குமாஸ்தாவும் சிரித்தார். வக்கீல் எழுந்து, தன் சாட்சியே உத்தரவை மீறினாரா என்று அப்பாவை மிரட்டினார். அப்பா யோசித்தார். அன்றைக்குப் பூட்டு என்றார்கள், எப்போது என்று சொல்லவில்லை, வந்தும் பார்க்கவில்லை என்று பதில் சொன்னார். பிறகு கேட்காமலேயே ஒன்று சேர்த்தார். அதைச் சொல்லும்போது மேஜரைத்தான் பார்த்தார்.

“அந்த வீட்டுக்கு என் பையன் ஏற்கெனவே வாடகை கொடுத்துட்டான் சார். நான் பொய் வேற சேர்த்துக் கொடுக்க முடியாது.”

மேஜரின் கால் மடங்கியது.

அதிகாரி அதை எழுதிக்கொள்ளவில்லை. கடைசியாக ஒரே ஒரு சந்தேகம் என்றார்: வழக்கமாக யார் ஜெயிப்பார்கள்? கல்யாணமானவங்க சார், அவங்களுக்குத்தான் ஓடிப் பழக்கம் என்றார் அப்பா.

தீர்ப்பு வசந்தத்தில் வரும். வெளியே வந்ததும் தெரு அவரைத் தோளில் தூக்கப் பார்த்தது. முழங்காலைத் தொட்டால் அடிப்பேன் என்றார். வீட்டுக்கு நடந்து வந்தோம். பாலத்தைச் சுற்றித்தான்.

மேவிஸ்


அடிலெய்டு
9 மார்ச் 1955

அன்புத் தங்கைக்கு, அப்பாவுக்கு, அம்மாவுக்கு,

எல்லாரும் நலம். எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம் மட்டும் இல்லை. இங்கே இங்கிலாந்து ஆஷஸ் தொடரை ஜெயித்ததிலிருந்து பணிமனையில் ஒருவனும் என்னோடு பேசுவதில்லை. பேச்சு என்றால் என்னவென்றே மறந்துவிட்டது.

உன் கடிதத்தை டோரீனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அப்பா வாடகையைப் பற்றிச் சொன்ன இடத்தில் கடிதத்தை அவளிடம் கொடுத்துவிட்டேன். மீதியை அவள்தான் படித்தாள். அடுப்புப் பகுதியை மறுபடி படிக்கச் சொன்னேன்.

அப்பா, வீடு போனால் இங்கே வந்துவிடுங்கள். இங்கே புல் கொஞ்சம் மஞ்சள்தான். நீங்கள் இருந்தால் பச்சையாகும்.

மறுபடி பந்து வீச ஆரம்பித்திருக்கிறேன். வேகமாக.

ரெஜ்


9, டேனர் தெரு, ஹேசல்பரோ
22 மே 1955

அன்புள்ள ரெஜ் அண்ணனுக்கு, அண்ணிக்கு, நடக்க ஆரம்பித்துவிட்ட பயலுக்கு,

மேலே முகவரியைப் பார்த்தாயா? இனி அதற்கே எழுது. எல்லாரும் நலம். முதுகு வலிக்கிறது, அது வேறு.

ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. பாதை வரைபடத்தில் நிற்கிறது. கிறிஸ்துமஸ், ஆட்ட நாள் எதுவும் விலக்கில்லை. சங்கிலியை அறுக்க சபை ஆள் வந்தபோது தெருவே நின்று பார்த்தது. அதே வாரம் அப்பாவுக்கு வேறொரு காகிதம் வந்தது. வயதை முன்னிட்டு ஓய்வாம். மே இறுதிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அம்மா திட்டவில்லை. மறுநாளே நெல்லியின் பக்கத்து வீட்டைப் பேசி முடித்துவிட்டாள். ஆஸ்திரேலியாவைக் கேட்டுப் பார்த்தோம். இத்தனை வருடம் தெருவைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தாயிற்று, இனி உள்ளே இருந்து பார்க்கிறேன் என்கிறார் அப்பா. பயலைப் பார்க்க ஒரு நடை வருவாராம்.

வீடு மாறும் நாளை நான்தான் குறித்தேன். நேற்று, சனிக்கிழமை. பக்கத்துக் கவுண்டியோடு ஆட்டம். மைதான வீட்டிலிருந்து டேனர் தெருவுக்கு எது நேர்வழி?

மதியத்துக்கு மேல் தெரு வந்து சாமான்களைப் பங்கு போட்டுக்கொண்டது. முன்னால் அம்மா, கடிகாரத்தை அணைத்துக்கொண்டு. பின்னால் நாற்காலிகள், படுக்கைகள், நெல்லியின் தலையில் துணி உலர்த்தும் சட்டம். கடைசியில் கண்ணாடி பதித்த அலமாரி. ஒரு முனையில் அப்பா, மறு முனையில் நானும் இரண்டு பேரும். மிஸ்டர் கார்ஸ்வெல் தொண்ணூற்றுச் சொச்சத்தில் இருந்தார். அவர் கையை உயர்த்த, ஓடி வந்த பந்து வீச்சாளர் பாதியில் நின்றார், ஏனென்றால் பந்து வீச்சாளருக்குப் பின்னால், மட்டைக்காரர் பந்தைக் காண வைத்த வெள்ளைத் திரைக்கு முன்னால், ஒரு குடும்பமே வீட்டைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. வெயில் அலமாரிக் கண்ணாடியில் பட்டுக் கார்ஸ்வெல்லின் முகத்திலேயே விழுந்தது. நாங்கள் அதைத் திட்டமிடவில்லை. திட்டமிட்டிருந்தால்கூட இவ்வளவு சரியாக விழுந்திருக்காது.

அம்பயர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவர் தொப்பியைத் தொட்டு அம்மாவுக்கு வழிவிட்டார். மேடு முழுக்க எழுந்து நின்றது. மேஜர் பெவிலியனிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“டெபட், ஆட்டம் நடந்துக்கிட்டிருக்கு, தெரியலையா?”

அப்பா அலமாரியை இறக்கவில்லை. “தெரியுது மேஜர். நீங்க ஆடுங்க. நாங்க நடக்கிறோம்.”

நடந்தோம். அவசரப்படவில்லை. நாங்கள் கதவை நெருங்கும்போது பின்னால் ஸ்டம்ப் தெறிக்கிற சத்தமும் மேட்டின் கூச்சலும் கேட்டன. கார்ஸ்வெல் சதத்துக்கு நாலு ரன் குறைவு. யார் அவுட் என்று அப்பா கேட்டார். சொன்னேன். அவருக்குத் தும்மல் வந்ததுபோல இருந்தது. முகத்தை அலமாரிக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

பிறகுதான் சங்கடம். அலமாரி கதவில் நுழையவில்லை. நேராக, குறுக்காக, தலைகீழாக, எப்படித் திருப்பினாலும் ஒரு கை அகலம் இடித்தது. “சங்கிலி போட்டவன்கூட இவ்வளவு இறுக்கமா அடைக்கலையே, வால்டர்” என்று நெல்லி அப்பாவைப் பார்த்துக் கத்தினாள். ஆட்டம் மறுபடி நின்றுவிட்டது. களத்தடுப்பாளர்கள் இரண்டு பேர் வந்து யோசனை சொன்னார்கள். அப்பா பையிலிருந்து திருப்புளியை எடுத்தார், கீல் ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார், டேனர் தெருக் கதவை அப்படியே தூக்கிப் புல்லில் கிடத்தினார். அலமாரி வெளியே போயிற்று. எல்லாம் போயிற்று. திரும்ப மாட்ட வேண்டாமா என்று கேட்டேன்.

“அது புது ஆளோட வேலை” என்றார்.

புது ஆள் இன்னும் கிடைக்கவில்லை. கதவை வெளியே விட்டால் மழையில் நனையுமே என்று அம்மா வீட்டுக்கு எடுத்து வரச் சொல்லிவிட்டாள். மேஜர் இன்று காலை ஆள் அனுப்பிக் கேட்டார். பாதை திறந்துதான் இருக்கிறது, நடந்து வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று அப்பா சொல்லி அனுப்பினார். இதுவரை வரவில்லை.

சாமான் இன்னும் பிரிக்கவில்லை, மேசை எங்கோ அடியில் இருக்கிறது. இரண்டு நாற்காலிமேல் கதவைப் போட்டு அதில்தான் சாப்பிட்டோம், அதில்தான் இதையும் எழுதுகிறேன். கொஞ்சம் ஆடுகிறது. கையெழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அன்புடன் உன் தங்கை
மேவிஸ்